தோபி காட்: பெயரில் மட்டும் எஞ்சிய துறை

சிங்கப்பூரின் பெருவிரைவு ரயில் வரைபடத்தை முதன்முறையாகக் காணும் தமிழரை ஒரு நிலையத்தின் பெயர் சற்றே நிறுத்திவிடும். மலாய்ப் பெயர்கள், சீனப் பெயர்கள், ஆங்கிலேய ஆளுநர்களின் பெயர்கள் ஆகியவற்றுக்கு நடுவே 'தோபி காட்' என்றொரு வடஇந்தியப் பெயர் அமர்ந்திருக்கிறது. தோபி என்றால் துணி வெளுப்பவர். காட் என்றால் நீரில் இறங்குவதற்கான படித்துறை. வடக்கு-தெற்குத் தடம், வடகிழக்குத் தடம், வட்டத் தடம் ஆகிய மூன்றும் சந்திக்கும் நிலையம் அது. மூன்று தடங்கள் கூடிய முதல் சிங்கப்பூர் நிலையமும் அதுவே. நிலத்துக்குக் கீழே ஐந்து அடுக்குகளாக இறங்கும் அந்தப் பெரும் பள்ளத்தில் நாள் முழுதும் மக்கள் ஒரு வண்டியிலிருந்து இறங்கி, நகரும் நடைமேடைகளில் நின்றபடியே கடந்து, இன்னொரு வண்டியில் ஏறிப் போகிறார்கள். மேலே வந்து பார்த்தால் வணிக வளாகங்களும் வாகனங்களும் அதிபர் மாளிகையின் வாயிலும் தெரிகின்றன. வெளுப்பவர் ஒருவரும் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற நீரும் இல்லை.

வண்ணார் போனதும் ஓடை மறைந்ததும் மட்டுமல்ல இந்த இடத்தின் கதை. இருநூறு ஆண்டுகளில் இந்தச் சிறு வட்டாரத்தில் வந்து தங்கிய ஒவ்வொன்றும் அடுத்து வந்ததற்கு இடம்விட்டு விலகியிருக்கிறது. அப்படி விலகியவற்றுள் தமிழரோடு தொடர்புடையவை பல. நம்மவருள் பலர் இவ்வழியே தினமும் போகிறார்கள் என்பதால் அவற்றைச் சற்று விரிவாகவே சொல்லலாம் என்று தோன்றுகிறது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். நிலையத்துக்குத் தெற்கே இன்று ஃபோர்ட் கேனிங் என்றழைக்கப்படும் குன்று இருக்கிறது. மலாய் மக்கள் அதனை 'புக்கிட் லாராங்கான்', அதாவது விலக்கப்பட்ட குன்று, என்றனர். பழங்காலத்து அரசர்கள் அங்கே வாழ்ந்து அங்கேயே அடக்கமாயினர் என்பது நம்பிக்கை. அதன் மேற்குச் சரிவில் ஓர் ஊற்று இருந்தது. அரச மகளிர் நீராடிய இடமென்று அதுவும் விலக்கப்பட்டதாகவே இருந்தது. 1819ல் ராஃபிள்ஸ் வந்திறங்கிய பிறகு அந்த விலக்கெல்லாம் காற்றோடு போயிற்று; ஊற்று நீர் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் பீப்பாய்களை நிரப்பியது. குன்றின் மறுபுறம், வடக்கே, ஓர் ஓடை கடலை நோக்கி ஓடியது. அதன் பெயர் 'பிராஸ் பாசா'. மலாய் மொழியில் நனைந்த அரிசி என்று பொருள். படகில் வந்த ஈர அரிசியை அதன் கரையில் காயப்போட்டதால் வந்த பெயர் என்பர். தோபி காட்டின் ஓடை இதுதான்.

குன்றின் அடிவாரத்தில் 1822ல் ராஃபிள்ஸ் ஒரு தாவரத் தோட்டம் அமைத்தார். கிராம்பும் சாதிக்காயும் பயிரிட்டுப் பார்க்க வேண்டும் என்பது நோக்கம். செலவு கட்டுப்படியாகாமல் 1829ல் அது மூடப்பட்டது. ஆயினும் சாதிக்காய் மோகம் தணியவில்லை. அடுத்த சில பத்தாண்டுகளில் மேற்கே நீண்ட பாதையின் இருபுறமும் வெள்ளையர்களின் சாதிக்காய்த் தோட்டங்களும் பழத்தோட்டங்களும் எழுந்தன. ஆர்ச்சர்ட் சாலை, அதாவது தோட்டச் சாலை, என்ற பெயரின் பிறப்பு அதுதான். பிறகு நோய் விழுந்து சாதிக்காய் மரங்கள் பட்டுப்போயின. பெயர் மட்டும் நின்றது. இந்த வட்டாரத்தில் பெயர்களுக்குத்தான் ஆயுள் கெட்டி.

தோட்டத்தோடு பங்களாக்கள் வந்தன. பங்களாக்களோடு வெள்ளை உடைகள் வந்தன. வெயிலும் புழுதியும் வியர்வையும் நிறைந்த நாட்டில் வெள்ளை உடுத்தி வாழ வேண்டுமானால் அதை நாள்தோறும் வெளுக்க ஆள் வேண்டும். வங்காளத்திலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர் இந்த ஓடையைத் தேர்ந்தனர். அவர்கள் தொழிலுக்கு வேண்டிய மூன்றும் இங்கே இருந்தன. ஓடுகிற நன்னீர், துணி விரித்துக் காயவைக்கப் பரந்த புல்வெளி, துணி தருகிற வீடுகள் நடை தூரத்தில். அவர்கள் துணி உலர்த்திய புல்வெளியில் 1884ல் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் டென்னிஸ் கழகம் ஒன்றை அமைத்துக்கொண்டனர்.

நம் ஊரில் இத்தொழிலை அறிந்தவர்களுக்கு அதன் நுட்பத்தைச் சொல்ல வேண்டியதில்லை. உவர்மண்ணில் ஊறவைப்பது, வெள்ளாவியில் அவிப்பது, கல்லில் அறைவது, நீலமும் கஞ்சியும் போடுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்குவம் உண்டு. சேங்கொட்டைச் சாற்றால் துணியின் மூலையில் இடும் குறியைக் கொண்டு நூறு வீட்டுத் துணிகளையும் பிரித்துத் தருவது எழுத்தறிவுக்கு நிகரான ஒரு கலை. ஆனால் அக்குறிகளை இட்ட கைகளுக்கு உரியவர் ஒருவரின் பெயரேனும் ஊரறிய நிலைக்கவில்லை. தொழிலின் பெயரே இடத்தின் பெயராயிற்று. ஆவணத்தில் தோபி காட் என்று எழுதப்பட்டதையே தமிழர்கள் 'வண்ணான் தெரு' என்று வழங்கினர். சென்னைக்கும் இதே வகையில் ஓர் இடம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்றுமதித் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த வண்ணாரப்பேட்டைக்கு 2019 பிப்ரவரியில் மெட்ரோ வண்டி வந்தது. அங்கே பெயரோடு ஊரும் மக்களும் இருக்கிறார்கள். இங்கே அப்படியில்லை.

ஓடையை ஒட்டிச் சற்றுக் கீழே பிராஸ் பாசா சாலையில் கைதிகளின் சிறை இருந்தது. 1825ல் சுமத்திராவின் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். முதலில் வந்திறங்கியவர்கள் சென்னை மாகாணத்தார். சாலை போட்டதும் சதுப்பைத் தூர்த்ததும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைக் கட்டியதும் அவர்கள்தாம். தோபி காட் நிலையத்துக்கு எதிரே தெரியும் வாயிலுக்குள்ளே மரங்களுக்கு அப்பால் இருக்கும் அதிபர் மாளிகையும், 1869ல் ஆளுநர் மாளிகையாக, அவர்கள் கையால் எழுந்ததுதான். வெளுத்தவர், கட்டியவர் எனச் சென்ற நூற்றாண்டுகளின் உழைப்பில் நம்மவர் பங்கைச் சொல்ல இந்த அரைக் கல் தொலைவு நிலமே போதும்.

பெருவிரைவு ரயிலுக்கு முன்னரே இங்கு ஒரு ரயில் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. குன்றின் தென்மேற்கு அடிவாரத்தில், டேங்க் ரோட்டில், சிங்கப்பூர்-கிராஞ்சி இருப்புப் பாதையின் நிலையம் 1903ல் திறக்கப்பட்டது. அங்கிருந்து புறப்பட்ட வண்டி ஆர்ச்சர்ட் சாலையைக் குறுக்கே கடந்து வடக்கே ஜொகூர் நீரிணை வரை போகும். நிலையத்தின் அருகேயே நகரத்தார் 1859ல் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில். ஒருபுறம் நீராவி எஞ்சினின் ஊதல், மறுபுறம் கோயில் மணி என்று இருந்திருக்க வேண்டும். நகரம் பெருத்ததும் தெருக்களைக் குறுக்கிடும் இருப்புப் பாதை தொல்லையாயிற்று. 1932ல் தஞ்சோங் பகாரில் புதிய நிலையம் வந்தபோது டேங்க் ரோட்டு நிலையமும் தண்டவாளமும் மறைந்தன. கோயில் நிலைத்தது. ஒவ்வொரு தைப்பூசத்திலும் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகள் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நடந்து, தோபி காட் வட்டாரத்தைக் கடந்தே டேங்க் ரோட்டை அடைகின்றன.

இனி நான் சற்று நின்று சொல்ல விரும்புவது 1943ஆம் ஆண்டின் அக்டோபர் மாதத்தைப் பற்றி.

நிலையத்தின் அருகே, ஹேண்டி சாலைத் திருப்பத்தில், கத்தே கட்டிடத்தின் முகப்பு இன்றும் உள்ளது. லோக் வான் தோ என்ற சீனச் செல்வரும் அவருடைய தாயாரும் எழுப்பிய அந்த மாளிகையின் திரையரங்கு 1939 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டது. குளிரூட்டப்பட்ட முதல் சிங்கப்பூர்த் திரையரங்கு அது. அதற்கு மேலெழுந்த அடுக்குமாடிக் கோபுரமே அன்றைய சிங்கப்பூரில் எல்லாவற்றினும் உயர்ந்து நின்றது. 1942 பிப்ரவரியில் நகரம் ஜப்பானியர் வசமானபோது கட்டிடமும் அவர்கள் வசமாயிற்று. பரப்புரைத் துறையும் வானொலியும் உள்ளே வந்தன. திரையரங்கின் பெயர் 'தாய் தோவா கெகிஜோ', அதாவது கிழக்காசியப் பேரரங்கு, என்று மாறியது. திருடியதாகப் பிடிபட்டுக் கொல்லப்பட்டவர்களின் தலைகள் எச்சரிக்கையாக வெளியே காட்சிக்கு வைக்கப்பட்டன.

அந்தக் கட்டிடத்துக்கு 1943ல் ஒரு விசித்திரமான விருந்தாளியும் வந்தார். திரைப்பட ஆர்வலர்கள் போற்றும் யாசுஜிரோ ஓசுதான் அவர். இந்திய விடுதலைப் போராட்டத்தைப் பற்றி ஒரு பரப்புரைப் படம் எடுக்கும்படி ஜப்பானிய ராணுவம் அவரை அனுப்பியிருந்தது. படம் முடியவில்லை, எடுத்த பகுதிகளும் போரின் இறுதியில் அழிக்கப்பட்டன. பறிமுதல் செய்து வைத்திருந்த அமெரிக்கப் படங்களை அங்கே அவர் வரிசையாகப் பார்த்துத் தள்ளினார். அவற்றுள் 'சிட்டிசன் கேன்' ஒன்று. போருக்குப் பின் அவர் எடுத்த அமைதியான குடும்பக் கதைகளை நேசிப்பவர்கள், அவற்றுக்கு முந்தைய ஆண்டுகளை அவர் எங்கே கழித்தார் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இந்தியரைப் பொறுத்தவரை கத்தே வேறொன்றுக்காக நினைவுகூரப்படுகிறது. 1943 ஜூலை 4 அன்று அந்த அரங்கில்தான் ராஷ் பிஹாரி போஸ் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையைச் சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தார். அக்டோபர் 21 அன்று அதே மேடையில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை நேதாஜி பிரகடனம் செய்தார். அமைச்சரவையில் இடம்பெற்ற ஒரே பெண் சென்னை மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன். பரப்புரை அமைச்சர் எஸ். ஏ. ஐயர் தமிழர். அரங்கிலும் வெளியிலும் திரண்ட கூட்டத்தில் தமிழர் திரளாக இருந்தனர். மறுநாள், அக்டோபர் 22 அன்று, அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதில் சேர்ந்தவர்களுள் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய குடும்பங்களின் தமிழ்ப் பெண்கள் பலர். இந்தியாவைத் தம் கண்ணால் ஒருமுறையும் பாராதவர்கள் அவர்களுள் உண்டு.

இந்த வரலாற்றைத் தமிழில் நாம் பெருமையோடு சொல்வதுண்டு. சொல்லவும் வேண்டும். ஆனால் கத்தேயின் வாசலில் நின்று சாலையின் மறுபுறம் நோக்கினால் இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே இருந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டிடத்தில்தான் ஜப்பானிய ராணுவக் காவல் படையான கெம்பித்தாயின் கிழக்கு மாவட்டத் தலைமையகம் இயங்கியது. 1943 செப்டம்பர் இறுதியில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த நேச நாட்டுக் கமாண்டோக்கள் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஏழு கப்பல்களைத் தாக்கினர். உள்ளூரில் யாரோ உதவியிருக்க வேண்டும் என்று ஐயுற்ற கெம்பித்தாய் அக்டோபர் 10 அன்று கைது வேட்டையைத் தொடங்கியது. பத்தாம் மாதம் பத்தாம் நாள் என்பதால் 'இரட்டைப் பத்து' நிகழ்வு என்று பெயர் பெற்ற அதில் 57 பேர் பிடிபட்டனர். கைதானவர்களுக்கும் அத்தாக்குதலுக்கும் தொடர்பே இல்லை. பதினைந்து பேர் சிறையில் மாண்டனர். எலிசபெத் சோய் என்ற ஆசிரியை ஏறத்தாழ இருநூறு நாட்கள் அங்கே அடைபட்டு வதையுற்றார்.

நாட்களை எண்ணிப் பாருங்கள். அக்டோபர் 10 அன்று கைது தொடங்குகிறது. 21 அன்று சில நூறு அடிகளுக்கு அப்பால் விடுதலை அரசு பிரகடனமாகிறது. இரண்டுக்கும் இடையே, அக்டோபர் 17 அன்று, சயாம்-பர்மா ரயில்பாதையின் இரு முனைகளும் இணைக்கப்படுகின்றன. மரண ரயில் என்று நாம் அறிந்த அந்தப் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் காலராவிலும் பசியிலும் பல்லாயிரக்கணக்கில் மடிந்திருந்தனர். ஆக, ஒரே மாதத்தில், ஒரே ஜப்பானிய ஆட்சியின் கீழ், அதே தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்களுள் ஒருவர் துப்பாக்கி ஏந்தி விடுதலை உறுதிமொழி எடுக்கிறார். இன்னொருவர் பர்மாக் காட்டில் பெயரின்றிப் புதைகிறார்.

இதை எப்படி எடைபோடுவது? தோட்டத்துத் துரையின் முன் தலை குனிந்தே வளர்ந்த ஒரு பெண்ணுக்குச் சீருடையும் 'சகோதரி' என்ற அழைப்பும் என்னவாக இருந்திருக்கும் என்பதை நாம் கற்பனையேனும் செய்ய முடியும். அவர்களை ஜப்பானியரின் கைப்பாவைகள் என்று தள்ளிவிடுபவர்கள் அந்தக் குனிந்த தலைகளை அறியாதவர்கள். அதே வேளையில், கத்தேயின் ஆரவாரத்தை எழுதும்போது எதிர்ப்புறத்துக் கட்டிடத்தின் அலறலை விட்டுவிடுவதும் நேர்மையாகாது. சீனர்களின் நினைவில் அந்த ஆண்டுகள் கொலைக் காலம். நம் நினைவில் வீர காலம். ஒரே தெருவின் இரு பக்கங்கள் என்பதால் இரண்டையும் ஒருங்கே சொல்வதுதான் முறை என்பது என் எண்ணம். கெம்பித்தாய் இருந்த அந்தக் கட்டிடம் 1981ல் இடிக்கப்பட்டது. அதே இடத்தில் புதிய ஒய்.எம்.சி.ஏ. 1984ல் எழுந்தது. கத்தேயின் பழைய முகப்பு 2003ல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பின்புறம் முழுவதும் புதுக்கட்டிடமாகி 2006ல் திறக்கப்பட்டது. அதிலிருந்த கத்தே திரையரங்கு 2022 ஜூன் மாதம் மூடப்பட்டது.

போருக்குப் பிந்தைய கதையில் ஒரு குண்டுவெடிப்பு உண்டு. 1965 மார்ச் 10 அன்று, மலேசியாவுடன் இந்தோனேசியா மோதிய காலத்தில், அருகிலுள்ள மெக்டொனால்ட் மாளிகையில் இந்தோனேசியக் கடற்படையினர் இருவர் வைத்த குண்டு மூவரைக் கொன்றது. அந்தச் செங்கல் கட்டிடம் இன்றும் நிற்கிறது.

இனி நிலையத்துக்கு வருவோம். சிங்கப்பூருக்கு ரயில் வேண்டுமா, பேருந்துகளே போதுமா என்ற விவாதம் பல்லாண்டு நீடித்தது. அதிகச் செலவு என்று தயங்கியவர்களுள் நாட்டின் பொருளாதாரச் சிற்பியான கோ கெங் சுவீயும் ஒருவர். ரயிலுக்காக விடாது வாதாடியவர் ஓங் தெங் சியோங். 1982 மே மாதம் ஏறத்தாழ ஐந்து பில்லியன் வெள்ளிச் செலவில் ரயில் அமைப்பதென முடிவாயிற்று. 1983 அக்டோபரில் பணி தொடங்கியது. 1987 நவம்பர் 7 அன்று முதல் வண்டி ஓடியது. அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று தோபி காட் திறக்கப்பட்டது. வடகிழக்குத் தடம் 2003 ஜூன் 20லும் வட்டத் தடம் 2010 ஏப்ரல் 17லும் வந்து சேர்ந்தன.

அந்தப் பள்ளத்தைத் தோண்டுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது? மூன்றைச் சொல்லலாம். ஒன்று, ஆம்பர் மேன்ஷன்ஸ் என்ற பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. சிங்கப்பூரின் தொடக்ககால அடுக்குமாடிகளில் ஒன்றான அதனை எழுப்பியது ஒரு யூத வணிகர் குடும்பம். இன்னொன்று, யூதர்களின் பழைய இடுகாடு. அங்கிருந்த எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டுத் தீவின் மேற்கே சுவா சூ காங் இடுகாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

மூன்றாவது, சிவன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து ஆர்ச்சர்ட் சாலையில் தோபி காட் முனையில் இருந்த கோயில் அது. அதற்கும் முன்னே லிங்கம் பொத்தோங் பாசிரில் இருந்தது, பிறகு மெக்டொனால்ட் மாளிகைப் பக்கம் வந்தது, அதன் பிறகே இங்கு அமர்ந்தது என்பது கோயிலின் மரபு. 1960களில் புதுக்கட்டிடம் எழுப்பிக் குடமுழுக்கும் நடந்தது. எழுப்பி இருபது ஆண்டு நிறைவதற்குள், 1983ல், ரயிலுக்காக நிலம் எடுக்கப்பட்டது. மூர்த்திகள் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலின் அருகே தற்காலிக இடத்துக்குப் போயின. சிவனுக்குப் பெருமாள் அண்டையில் இடம் தந்த அந்தப் பத்தாண்டு, சமயச் சண்டைகளைப் படித்து வளர்ந்த நமக்கு ஓர் ஆறுதல். 1993 மே மாதம் கேலாங் ஈஸ்டில் எண்கோண வடிவில் அமைந்த புதிய கோயிலில் சிவன் குடியேறினார்.

நிலம் எடுத்ததைக் குறை சொல்வது எளிது. ஆனால் அந்த ரயில் இல்லாத சிங்கப்பூரை இன்று எண்ணிப் பார்க்கவும் முடியாது; கேலாங்கில் நிற்கும் கோயில் பழையதைவிடப் பெரியது, அழகியது என்பதையும் மறுக்க முடியாது. இழந்தது வேறொன்று. வேலை முடிந்து ஆர்ச்சர்ட் சாலையில் நடந்து போகிற ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் உள்ளே போய்வரக்கூடிய ஒரு வாசல். நகரத்தின் நடுவே சாதாரணமாக இருப்பதற்கு ஒரு சமூகத்துக்குக் கிடைத்திருந்த இடம். புறநகரில் எத்தனை பெரிதாகக் கட்டினாலும் அதற்கு அது ஈடாகாது என்றே கருதுகிறேன்.

ஆர்ச்சர்ட் சாலையைத் தமிழர்கள் ஒரு காலத்தில் 'வைரவிமடம்' என்று அழைத்தனர். அந்தச் சாலையோரம் இருந்த ஒரு கோயிலால் வந்த பெயர். சாலைக்கு அப்பெயரைச் சொல்வோர் இன்று எவருமில்லை. ஆனால் அந்தக் கோயில் சோமர்செட் சாலைக்கு மாறி, 1980களில் தோ பாயோவுக்குக் குடிபெயர்ந்தபோது பெயரையும் தன்னோடு எடுத்துச் சென்றது. வைரவிமட காளியம்மன் என்று இன்றும் அங்கே வணங்கப்படுகிறாள். தோபி காட்டில் இடம் இருக்க மக்கள் போனார்கள். வைரவிமடத்தில் இடம் போக அம்மன் பெயரைக் காத்தாள்.

புத்தகப் பிரியர்களான நமக்கு இன்னுமோர் இழப்பு இவ்வட்டாரத்தில் உண்டு. தோபி காட்டிலிருந்து ஓடையின் போக்கில் ஸ்டாம்ஃபோர்டு சாலையில் நடந்தால் தேசிய நூலகத்தின் செங்கல் கட்டிடம் இருந்தது. லீ கோங் சியான் என்ற கொடையாளர் 1953ல் அதற்கென 3,75,000 வெள்ளி தந்தபோது இரு நிபந்தனைகள் விதித்தார்: கட்டணமின்றி எவரும் பயன்படுத்த வேண்டும், இந்நாட்டு மக்களின் சொந்த மொழி நூல்களும் இடம்பெற வேண்டும். 1960ல் நூலகம் திறந்தது. தமிழ் நூல்களை இலவசமாக எடுத்துப் படிக்க ஒரு பொதுவிடம் நகர நடுவில் கிடைத்தது அந்த நிபந்தனையால்தான். ஃபோர்ட் கேனிங் குன்றைக் குடைந்து வாகனங்களுக்குச் சுரங்கப் பாதை போட வேண்டுமென்று சொல்லி, வழக்கத்துக்கு மாறாக மக்கள் உரத்த குரலில் எதிர்த்தும், 2004 மார்ச் 31 அன்று மூடி அதை இடித்தார்கள். 2007ல் சுரங்கம் திறந்தது. சில நிமிடப் பயணம் மிச்சம். நுழைவாயிலின் இரு செங்கல் தூண்கள் மட்டும் இப்போது அங்கே நிற்கின்றன. கோயிலை அகற்றிய ரயிலுக்கு என்னால் சமாதானம் சொல்லிக்கொள்ள முடிகிறது. இந்தச் சுரங்கத்துக்குச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

ஓடை என்ன ஆயிற்று? பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கரை கட்டி வாய்க்காலாக்கினார்கள். ஸ்டாம்ஃபோர்டு வாய்க்கால் என்று பெயரிட்டார்கள். மழைக்காலத்தில் அது பொங்கிச் சாலையில் ஏறும். பின்னர் மேலே மூடிச் சாலையும் நடைபாதையும் போட்டார்கள். ஆர்ச்சர்ட் சாலையில் கடை கடையாக ஏறி இறங்குவோருக்குத் தம் காலடியில் ஓர் ஓடை போகிறது என்ற எண்ணமே இல்லாமற் போயிற்று.

2010 ஜூன் 16 அன்று காலை அது நினைவூட்டியது. இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் மழை. மூடிய வாய்க்காலின் ஒரு பகுதியைக் குப்பை அடைத்துக்கொண்டது. விலையுயர்ந்த பைகளும் கடிகாரங்களும் விற்கும் கடைகளுக்குள் சேற்று நீர் இடுப்பளவு புகுந்தது, வாகனங்கள் மூழ்கின. 2011 டிசம்பரில் மீண்டும் வெள்ளம். சாலையை உயர்த்திப் பார்த்தார்கள், அது போதவில்லை. இறுதியில் தாவரப் பூங்காவின் அருகே, நிலத்தடியில், 38,000 கன மீட்டர் மழைநீரைத் தேக்கி வைக்கும் தொட்டி ஒன்றையும், அதனோடு 2 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு திருப்பு வாய்க்காலையும் கட்டினார்கள். இரண்டும் 2018ல் நிறைவுற்றன. மேற்கே மேட்டு நிலங்களில் விழும் மழை இப்போது பழைய வழியே தோபி காட்டுக்கு வருவதில்லை. பாதி வழியில் திரும்பி, நிலத்தடியிலேயே போய்ச் சிங்கப்பூர் ஆற்றில் கலந்துவிடுகிறது.